கீழ்வீட்டுப் பெட்டியின் அமைதி

மாமனார் மூன்று மாடி ஏறி வந்தார் என்றால் அது சின்ன விஷயமில்லை. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிறுத்தம். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் மூத்த மகளும் மூத்த மருமகனும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, அந்தக் கதவையும் "வாங்கப்பா" என்ற குரலையும் தாண்டி அவர் மேலே வந்தார். கைத்தடிச் சத்தம் கீழ்க்கதவில் நிற்காமல் படியேறத் தொடங்கும்போது, சின்ன மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் எல்லாவற்றிலும் சின்ன மாப்பிள்ளைதான். பெரிய மாப்பிள்ளை பல் டாக்டர். இவர் தரை ஓடுகளும் குழாய்களும் வாஷ் பேசின்களும் விற்கிற கடையில் விற்பனையாளர். குடும்பத்தில் யாருக்காவது பல் வலித்தால் ஆளாளுக்கு டாக்டர் மாப்பிள்ளையைத் தேடி ஓடுவார்கள். யாருக்கும் இதுவரை அவசரமாக ஒரு வாஷ் பேசின் தேவைப்பட்டதில்லை. பெரியவர் ஏதாவது சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்; அதையே சின்னவர் சொன்னால், "பெரிய மாப்பிள்ளை கூட இதைத்தான் சொன்னாரு" என்பார் மாமனார்.

ஆகவே அந்த பிளாஸ்மா டிவியை வாங்கியது வெறும் டிவி வாங்கிய கதை அல்ல. பெரியவர் வாங்குவதற்கு முன்னால் வாங்கிய ஒரே பொருள் அது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் மாமனார் மூன்று மாடி ஏறினார். செய்தி பார்த்தார். அதைவிட முக்கியமாக, அவர் உயிரையே வைத்திருந்த ஆஸ்பத்திரித் தொடரைப் பார்த்தார். சின்ன மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மாமனாரைப் பார்த்தார்.

அந்த ஆனந்தம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பெட்டி இரையத் தொடங்கியது.

இருட்டான காட்சி வந்தால் ஒன்றுமில்லை. திரையில் வெள்ளை கூடக்கூட 'ஙொய்' என்று ஒரு சத்தம் கிளம்பும். ஆஸ்பத்திரித் தொடரில் சுவர் வெள்ளை, படுக்கை வெள்ளை, கோட்டு வெள்ளை. தலைமை டாக்டர் பரிவாரத்தோடு வார்டுக்குள் நுழைந்தால் போதும், நோயாளி கடைசியாக என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்காது.

"மாப்பிள்ளை, காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கே" என்றார் மாமனார்.

"புதுசு இல்லையா மாமா, போகப்போகச் சரியாயிடும்."

போகப்போக நடந்தது வேறு ஒன்று. கீழ்வீட்டில் பல் டாக்டர் அதே கடையில் அதே மாடலை வாங்கி மாட்டினார். அது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நாளெல்லாம் பல்லைத் துளைக்கிற இரைச்சலில் பிழைக்கிற மனிதருக்கு வீட்டில் அமைதி. நாளெல்லாம் வாய்பேசாத வாஷ் பேசின்களோடு நிற்கிறவருக்கு வீட்டில் இரைச்சல். இந்த அநியாயத்தை நினைத்து நினைத்து சின்ன மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கைத்தடிச் சத்தம் வாசலுக்கு வரும், கீழ்க்கதவில் நிற்கும், அப்படியே உள்ளே போய்விடும்.

"அப்பாவுக்குக் கால் வலிங்க. கீழேயே உக்காந்துக்கிறாரு" என்றாள் மனைவி.

"போன வாரம் வலிக்காத காலா?" என்றார் அவர்.

கம்பெனியின் வாடிக்கையாளர் நல மையத்துக்குப் போன் போட்டார். நெடுநேரம் புல்லாங்குழல் வாசித்துக் காட்டிவிட்டு ஒரு பெண் குரல் வந்தது.

"சொல்லுங்க சார், என்ன மாதிரி சத்தம்? இதமான சத்தமா, இதமில்லாத சத்தமா?"

"இதமில்லாத சத்தம்தாங்க."

"அந்த வகை எங்ககிட்ட இல்லை சார். இதமான சத்தம்னு போட்டுக்கறேன். ஆள் வருவாங்க."

ஆள் வந்தார். நல்ல மரியாதையான மெக்கானிக். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்து கம்பெனியின் சோதனைக் குறுந்தகட்டை எடுத்துப் போட்டார். திரை கன்னங்கரேல் என்று ஆனது. மெக்கானிக் கைகட்டி நின்று பார்த்தார். சின்ன மாப்பிள்ளையும் பார்த்தார்.

"பாருங்க சார், சத்தமே இல்லை."

"படமும் இல்லையே?"

"படம் இருக்கு சார். இருட்டுல இருக்கு. நடுக்காடு, அமாவாசை. எல்லாப் பெட்டியையும் இதை வச்சுத்தான் சோதிக்கறோம். இதுவரைக்கும் ஒரு பெட்டி தோத்ததில்லை."

"வெள்ளையா ஏதாவது வந்தாத்தாங்க இரையுது."

மெக்கானிக் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வெள்ளை எதுக்கு சார் பாக்கறீங்க? எவ்வளவோ நல்ல நல்ல நிகழ்ச்சி இருக்கு. திருட்டுக் கதை பாருங்க, எல்லாமே ராத்திரியிலதான் நடக்கும். ஆழ்கடல் பாருங்க. சுரங்கம் பாருங்க."

"என் மாமனார் ஆஸ்பத்திரித் தொடர்தான் பாப்பாரு."

"ஆஸ்பத்திரியில கரண்ட் போற காட்சி வரும்போது மட்டும் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, புகார் தீர்ந்தது என்று குறித்துக்கொண்டு போனார்.

சின்ன மாப்பிள்ளை விடுகிற ஆளில்லை. அவருடைய கடைக்கு வாஷ் பேசின் வாங்க வருகிறவர்களிடம்கூட அவர் இப்படி விடாப்பிடியாக நின்றதில்லை. திரும்பத் திரும்பப் போன் போட்டதில், ஒரு நாள் மண்டல மேலாளரே, காதால் கேட்டுச் சோதிக்கிற கேட்புக் குழுவோடு படியேறி வந்துவிட்டார். தடித்த மனிதர், வியர்த்து ஒழுகியது. குழுவிலிருந்தவர்கள் முதலில் கைக்கடிகாரங்களைக் கழற்றி வெளியே வைத்தார்கள். பிறகு மின்விசிறியை நிறுத்தினார்கள், ஃபிரிட்ஜை அணைத்தார்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவியை அப்படியே நிற்கச் சொன்னார்கள். அவள் சோப்பு நுரைக் கையோடு சமையலறையில் சிலையாக நின்றாள்.

ஆஸ்பத்திரித் தொடர் போடப்பட்டது. வெள்ளைக் கோட்டுகள் வந்தன. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார்கள். மண்டல மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேக்கறதுக்கு முன்னாடி அமைதியைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிடறேன்" என்று தொடங்கினார். "எங்க கம்பெனியில சத்தம்ங்கற வார்த்தையே கிடையாது. போன வருஷமே எடுத்துட்டோம். அதுக்கப்புறம் சத்தம் பத்தி ஒரே ஒரு புகார்கூடப் பதிவாகலைன்னா பாருங்களேன். நீங்க கேக்கறதுக்குப் பேரு உயிர்ப்பு. உயிரோட இருக்கிற எதுதான் சார் சும்மா இருக்குது? நான் சும்மா இருக்கேனா? எங்க வீட்டம்மா சொல்லும், நீங்க தூங்கும்போதுகூடப் பேசறீங்கன்னு. வாடிக்கையாளர் பேசறப்போ குறுக்கே பேசக் கூடாதுன்னு எங்க பயிற்சியில முதல் பாடமே நான்தான் எடுக்கறேன்..."

"சார், இப்போ இரையுது பாருங்க, இப்போ..."

"இருங்க சார், பேசிட்டிருக்கேன் இல்லையா?"

தொடர் முடிந்து விளம்பரமும் முடிந்த பிறகுதான் அவர் பேச்சு முடிந்தது. குழுவினர் கண்ணைத் திறந்தார்கள். பேச்சைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

சின்ன மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. "கீழ்வீட்டுல இதே பெட்டி இருக்குங்க. அதுல சத்தமே வரலையே" என்றார். அதைச் சொன்ன கணமே சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. சொந்த வாயால் கீழ்வீட்டுப் பெட்டியைப் புகழ்வது அதுதான் முதல் தடவை.

மண்டல மேலாளர் முகம் மாறிவிட்டது. "சத்தமே வரலையா? எங்க பெட்டியிலயா?"

எல்லோரும் திமுதிமுவென்று கீழே இறங்கினார்கள். கைக்கடிகாரங்களை மறந்துவிட்டார்கள். பல் டாக்டர் வீட்டில் மாமனார் கால்களை முக்காலியில் நீட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். திரையில் முழு வெள்ளை, ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. கத்தரி தட்டில் விழுகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. மண்டல மேலாளர் பேச மறந்து நின்றார். அவர் கண் கலங்கியது.

"இப்படி ஒண்ணை நாங்களா செஞ்சோம்? எப்படி நடந்துச்சுன்னு விசாரிக்கணும்" என்றார்.

விசாரணையில் யாரையும் பிடிக்க முடியவில்லை. ஆகவே அந்தப் பெட்டியை முன்மாதிரிப் பெட்டி என்று அறிவித்துவிட்டார்கள். கீழ்வீட்டுக் கதவில் பித்தளைத் தகடு அடித்தார்கள். கம்பெனியின் எல்லாக் கிளைகளிலிருந்தும் பயிற்சி ஊழியர்களை வேனில் அழைத்துவந்து, சத்தமில்லாத பெட்டி என்றால் எப்படி இருக்கும் என்று கேட்கவைத்தார்கள். அவர்கள் வரிசையாக நின்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் படியோரம் நின்று காப்பி குடித்தார்கள். வேலை முடிந்து களைத்து வரும் சின்ன மாப்பிள்ளை அவர்களிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று கெஞ்சித்தான் தன் வீட்டுக்கு ஏற வேண்டியிருந்தது.

பல் டாக்டராவது கொஞ்சம் அலட்டிக்கொண்டால் நன்றாகத் திட்டித் தீர்க்கலாம். அந்த மனிதர் அதற்கும் வழி வைக்கவில்லை.

"நான் என்ன பண்ணினேன் சகலை? கடையில எடுத்துக் கொடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன். உங்களுது எப்படி இருக்கு? அதே மாதிரிதான் இரையுதா, பாவம்?"

அந்தப் 'பாவம்' சின்ன மாப்பிள்ளையின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பெனிப் பத்திரிகைக்குக் குடும்பத்தோடு படம் எடுத்தபோது மாமனார் நடுவில் உட்கார்ந்தார். இவரையும் கூப்பிட்டார்கள். நிழல் விழுகிறது என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், பிறகு இன்னும் கொஞ்சம். பத்திரிகை வந்தபோது இவருடைய முழங்கை மட்டும் ஓரத்தில் இருந்தது. மனைவி அந்த முழங்கையை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டாள்.

கடைசியில், இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் நாள் வந்தது. கீழ்வீட்டுக் கூடத்தில் கேட்புக் குழு, இரண்டு மகள்கள், பல் டாக்டர், மாமனார் எல்லோரும் கூடியிருந்தார்கள். மண்டல மேலாளர் சின்ன மாப்பிள்ளையைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஒரே ஒரு கேள்விதான் சார். இந்தப் பெட்டியில உங்களுக்கு ஏதாவது கேக்குதா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்போ இதை வச்சுப் பாத்தா உங்க பெட்டி குறையுள்ளதுன்னு ஆயிடும். நாளைக்கே புதுப் பெட்டி உங்க வீட்டுக்கு வந்துடும்."

இல்லை என்று சொன்னால் போதும். புதுப் பெட்டி வந்துவிடும், இரைச்சல் போய்விடும், கைத்தடிச் சத்தம் மறுபடி மாடியேறும். சின்ன மாப்பிள்ளைக்கு இதெல்லாம் நன்றாகவே தெரிந்தது. வாயைத் திறந்தார். திரை பால் வெள்ளையாக இருந்தது. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். மாமனார் முக்காலியில் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க மாப்பிள்ளை, நம்ம பெரிய மாப்பிள்ளை எதை வாங்கினாலும் பாத்துத்தான் வாங்குவாரு" என்றார். பல் டாக்டர் அடக்கமாகச் சிரித்தார். அவருடைய பற்கள் எப்போதும்போல ஒழுங்காக இருந்தன.

பெரிய மாப்பிள்ளை வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஊரே சொல்லிக்கொண்டிருந்த அந்த வாக்கியத்தை இவர் ஒருவர்தான் இன்னும் சொல்லாமல் இருந்தார். அதைத்தான் இப்போது எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும்.

"கேக்குது" என்றார் சின்ன மாப்பிள்ளை.

"என்ன?"

"லேசாத்தான். ஆனா கேக்குது. ஙொய்னு."

மனைவி அவரையே பார்த்தாள். மாமனார் காதைப் பெட்டிப் பக்கம் திருப்பினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா."

மண்டல மேலாளருக்குக் கைகால் ஓடவில்லை. சாதாரணப் பெட்டியில் புகார் வந்தால் பொறுமையாக இருக்கலாம், வருடக்கணக்கில்கூட இருக்கலாம். முன்மாதிரிப் பெட்டியில் புகார் என்றால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "பிரிங்க" என்று கத்தினார். மெக்கானிக் திருப்புளியோடு ஓடி வந்தார்.

"அய்யோ, நல்லாத்தானே இருக்கு, விட்டுடுங்களேன்" என்று பல் டாக்டர் குறுக்கே போனார். அவர் குரல் உயர்ந்து கேட்டது அன்றைக்குத்தான்.

"கெட்டுப்போனதை யார் வேணும்னாலும் சரி பண்ணிடலாம் டாக்டர். நல்லா இருக்கிறதைச் சரி பண்றதுக்கு ஒரு அமைப்பு வேணும். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்றார் மண்டல மேலாளர்.

பெட்டியின் முதுகைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்த பலகைகளை எடுத்துவிட்டு, கம்பெனியின் தரமான பலகைகளை மாட்டி மூடினார்கள். வெள்ளைக் காட்சி வந்ததும் பெட்டி இரைந்தது. மேல்வீட்டுப் பெட்டியைவிட ஒரு பிடி கூடவே இரைந்தது. மண்டல மேலாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். ரெண்டு பெட்டியிலும் கேட்பதால் இது அந்த மாடலின் சுபாவம், ஆகவே யாருக்கும் புதுப் பெட்டி கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கதவிலிருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்.

சின்ன மாப்பிள்ளை அன்று இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டார். தன் பெட்டியின் இரைச்சலுக்கு அடியில் கீழ்வீட்டு இரைச்சலும் கேட்கிறதா என்று தரையில் காதை வைத்துப் பார்த்தார். கேட்டது. புதுப் பெட்டி வந்திருந்தால்கூட அவ்வளவு குளிர்ந்திருக்காது மனசு.

"ஏங்க, நிஜமாவே கேட்டுச்சா?" என்றாள் மனைவி.

"பின்னே பொய்யா சொல்லுவேன்?"

அன்றிலிருந்து அவள் சாயங்காலமானால் காய்கறியை எடுத்துக்கொண்டு கீழே அக்கா வீட்டுக்குப் போய் நறுக்கத் தொடங்கினாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பல் டாக்டர் சும்மா இருப்பாரா? புகார் கொடுத்தார். புகார் என்றால் ஒப்பிட ஒரு முன்மாதிரி வேண்டும். அமைதியான பெட்டி எங்கே என்று கம்பெனி மண்டலம் முழுக்கத் தேடியது. இருந்த ஒன்றையும் அவர்களே சரிபண்ணிவிட்டிருந்தார்கள். கடைசியில், கீழ்வீட்டுப் பெட்டியைவிடக் குறைவாக இரைகிற பெட்டி அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

மண்டல மேலாளர் கேடயத்தோடு படியேறி வந்தார். பித்தளைத் தகட்டை சின்ன மாப்பிள்ளையின் கதவில் அடித்தார்கள். "இன்னையிலேருந்து எங்க கம்பெனியில இந்த அளவு இரைச்சலுக்குப் பேருதான் அமைதி" என்று மண்டல மேலாளர் முழங்கினார். "இதுக்குக் கீழே போற பெட்டியை நாங்க சந்தேகப்படுவோம். இந்தப் பெருமையை எங்களுக்குத் தேடித் தந்தவர் யாரு? ஆரம்பத்துலேருந்து குறை சொல்லிட்டே இருந்த இந்த வாடிக்கையாளர்தான். இவர் வாயை நாங்க அடைச்சிருந்தா இன்னைக்கு இந்த நாள் வந்திருக்குமா? அடைக்கத்தான் பாத்தோம். முடியலை."

கேட்புக் குழு கைதட்டியது. சின்ன மாப்பிள்ளை பதிலுரைக்கு எழுந்தார். வாழ்நாளெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த உரை அது. சுற்றிலும் பார்த்தார். மனைவி கீழே போயிருந்தாள். குழுவினர் கைக்கடிகாரங்களைத் தேடிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் போன பிறகு கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தொடர் நேரம் வந்தது. வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். சத்தம் கீழ்க்கதவில் நின்றது. அப்படியே உள்ளே போனது.

அவருக்குப் புரியவில்லை. கீழேதான் இரைச்சல் அதிகம், அதிகாரபூர்வமாகவே அதிகம். கேடயத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கீழ்க்கதவு திறந்துதான் இருந்தது. டிவியை அணைத்து, மேலே ஒரு பழைய படுக்கைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். மாமனார் முக்காலியிலிருந்து காலை இறக்கிவைத்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தான் முதன்முதலாகப் பெண் பார்க்கப் போனபோது தப்பான வீட்டுக்குள் நுழைந்து, பலகாரம் முழுவதையும் தின்று முடித்த கதை. அக்காவும் தங்கையும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தன் மனைவி இப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்து சின்ன மாப்பிள்ளை பார்த்ததே இல்லை.

"வாங்க சகலை, வாங்க!" என்றார் பல் டாக்டர், சிரிப்பைத் துடைத்துக்கொண்டு. "இந்தச் சனியன் இரையுதேன்னு அணைச்சுப் போட்டோம். மாமா இவ்வளவு பேசுவாருன்னு யாருக்குத் தெரியும்? நல்லவேளை, அன்னைக்கு நீங்க குறை சொன்னீங்க. உக்காருங்க."

"உக்காருங்க மாப்பிள்ளை" என்று மாமனாரும் நகர்ந்து இடம் விட்டார். "அந்த வீட்டுக்காரங்க என்ன பண்ணினாங்கன்னு இன்னும் சொல்லலை."

உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்திருக்கலாம். சின்ன மாப்பிள்ளை அந்த மூடிய பெட்டியையும், சிரித்துச் சிவந்த முகங்களையும் பார்த்தார். இவர்களுக்கு இது எந்தக் கடையில் கிடைத்தது?

"இல்லை, மேலே வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

கூடத்தில் பெட்டி அமைதியின் அளவு பிசகாமல் இரைந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து மறுபடி ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்து, படியேறி, கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அவர் கதவைச் சாத்தினார். அப்போதும் கேட்டது. போனை எடுத்து நல மையத்தின் எண்ணை அழுத்தினார். புல்லாங்குழல் வாசித்து முடித்தது.

"சொல்லுங்க சார்."

"கீழ்வீட்டுல சத்தம் வருதுங்க."

"என்ன மாதிரி சத்தம் சார்?"

"சிரிப்புச் சத்தம்."

அந்தப் பெண் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அதே சத்தம் உங்க வீட்டுலயும் வருதா சார்?"

"வரலைங்க" என்றார் சின்ன மாப்பிள்ளை. "அதான் புகார்."